மிக்சி, மின்விசிறி, குக்கர்: எதைப் பழுது பார்க்கலாம், எதை மாற்றலாம்?

கேள்வி: எங்கள் வீட்டு மிக்சி அரைக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது. கூடத்து மின்விசிறி மிக மெதுவாகச் சுற்றுகிறது. குக்கர் மூடியின் விளிம்பில் ஆவி கசிகிறது. பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் சலுகையில் மூன்றையும் மாற்றிவிடலாம் என்கிறார் என் கணவர். பழுது பார்ப்பது வீண் செலவா? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுமே, தேய்ந்தால் மாற்றிக்கொள்வதற்கென்றே அமைந்த சிறு பாகங்களால் வரக்கூடியவை. ஆகவே பொருள் எத்தனை ஆண்டு பழையது என்று பார்ப்பதற்கு முன், எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், வெளியாள் எவரும் திறப்பதற்கு முன் நிறுவனத்தின் சேவை மையத்திற்குக் கொண்டு செல்வதே சரி.

மிக்சியில் பாரம் கூடினால், மோட்டார் கருகாமல் இருக்க ஒரு பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. பல மிக்சிகளில் அதன் பொத்தான் அடிப்பாகத்தில், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, மோட்டாரைச் சற்று நேரம் ஆறவிட்டு, அந்தப் பொத்தானை அழுத்திய பின் ஜாரில் குறைவாக இட்டு அரைத்துப் பாருங்கள். பிறகும் நின்று நின்று ஓடினாலோ உள்ளே அதிகமாகப் பொறி பறந்தாலோ, மோட்டாரின் சுழலும் பாகத்திற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கக்கூடும். மோட்டார் ஓடியும் பிளேடு சுற்றாவிட்டால், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரின் பற்கள் மழுங்கியிருக்கும். ஜாரின் அடியில் நீர் கசிந்தால், பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், அந்த நீர் மோட்டாருக்குள் இறங்கிவிடும். இவையெல்லாம் பொதுவாகச் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலைகள். மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருளான ஆர்மேச்சரே கருகிவிட்டது என்றால் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டும். பழுதுச் செலவு புதிய மிக்சியின் விலையில் பாதியைத் தாண்டுமானால் விட்டுவிடுங்கள் என்பேன். கிரைண்டருக்கும் மோட்டாருக்கும் பெயர்பெற்ற உங்கள் ஊரில் உதிரிபாகம் கிடைக்காது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதற்கு, கடைக்காரர்கள் கண்டென்சர் என்று சொல்லும் கெப்பாசிட்டர் வலுவிழப்பதே பெரும்பாலும் காரணம். வீட்டு மின்விசிறிகள் பலவற்றில் 2.5 மைக்ரோஃபாரட் அளவுள்ளதே இருக்கும். பழையதில் அச்சிட்டுள்ள அதே அளவையே வாங்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம் என்பதால், பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது. கரகரவென்று சத்தமும் வந்தால் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இதில் உங்கள் கணவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பழைய வகை மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கும்போது, பி.எல்.டி.சி. எனப்படும் பிரஷ் இல்லாத மோட்டார் வகை 30 வாட் அளவில் ஓடுகிறது. கூடத்தில் பகலும் இரவும் ஓடுவதற்குப் புதியதை வாங்கினாலும், பழையதைச் சரிசெய்து எப்போதாவது பயன்படும் அறையில் மாட்டுங்கள்.

குக்கருக்குப் புதிய கேஸ்கட் (மூடியின் ரப்பர் வளையம்) போதும். உங்கள் மாடலுக்கு உரியதாக, அதே நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். சேஃப்டி வால்வில் மட்டும் எந்தச் சிக்கனமும் வேண்டாம். ஆவிக்குழாய் அடைத்துக்கொண்டாலோ, நீர் வற்றிச் சூடு மிஞ்சினாலோ, அதிலுள்ள உலோகம் உருகி ஆவிக்கு வழிவிடும். விலை குறைகிறதே என்று போலி வால்வை வாங்குவதும், உருகியதை எதையாவது வைத்து அடைப்பதும் உயிருக்கே ஆபத்தானவை. உடலோ மூடியோ நெளிந்துவிட்ட குக்கரைப் பழைய அலுமினிய விலைக்குக் கொடுத்துவிடலாம்.

உதிரிபாகம், சேவை மையம் பற்றிய விவரங்களுக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தில் பல நிறுவனங்களின் தகவல்கள் உள்ளன. ஆனால் தெருமுனையில் இருக்கும் அனுபவமுள்ள மெக்கானிக்கே பல நேரங்களில் விரைவாக உதவுவார். எந்தப் பாகம், என்ன விலை என்று முன்பே கேட்டுக்கொண்டு, கழற்றிய பழைய பாகத்தையும் வாங்கிப் பாருங்கள்.

அடுக்குமாடியில் வசிப்பவராயின் இன்னொன்றும் செய்யலாம். டிரில்லிங் மெஷின், ஏணி, விசேஷங்களுக்கான பெரிய அண்டா போன்றவை வீட்டுக்கு ஒன்று தேவையில்லை. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, எடுத்தவர் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே போதும். பொருள் உடைந்தால் செலவு யாருடையது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். இத்தகைய ஏற்பாடுகள் முறிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மிக்சி போல அன்றாடம் வேண்டியவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

சரிசெய்யவே முடியாத மின்சாதனத்தை வீட்டுக் குப்பையோடு போடக்கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகளின்படி, அது பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். சலுகையில் கொடுப்பதாக இருந்தாலும், பழையது எங்கே போகிறது என்று கடையில் கேட்டுவிட்டே கொடுங்கள்.