புழு மாத்திர வேற, இருதயப் புழு மாத்திர வேற

கேள்வி: டாக்டர், எங்க கருப்பனுக்கு அஞ்சு வயசு, ரோட்டுல கிடந்த நாய்க்குட்டிய தூக்கிட்டு வந்து வளர்த்தது. மூனு மாசத்துக்கு ஒருக்கா கடையில புழு மாத்திர வாங்கி தவறாம கொடுக்கறேன். இப்ப ஒரு மாசமா ராத்திரில ஒரே இருமல், ரெண்டு வீடு தாண்டறதுக்குள்ள லோங்காங் ஓரமா உக்காந்துடறான். கிளினிக்ல ரத்தம் எடுத்துப் பாத்து இருதயத்துல புழுன்னு சொல்லிட்டாங்க. மாத்திர கொடுத்தும் எப்படி வந்துச்சு? பக்கத்து வீட்டு அண்ணன் மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டின் ஊசி ஒன்னு போட்டா எல்லாம் செத்துடும்ங்கறாரு, போடலாமா? - வாசகி, செந்தூல்

பதில்: போடாதீங்கம்மா. 15 கிலோ நாய்க்கு மாசம் ஒருக்கா தடுப்புக்குக் கொடுக்கற ஐவர்மெக்டின் வெறும் 90 மைக்ரோகிராம். அந்த மாட்டு ஊசி ஒரு மில்லியில 10,000 மைக்ரோகிராம் இருக்கும். கணக்க நீங்களே பாருங்க. அதுலயும் ரத்தத்துல குட்டிப் புழு நிறைய இருந்து எல்லாம் ஒரே நேரத்துல செத்துச்சுன்னா நாய் ஷாக்ல போயிடும், அண்ணன் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பாரு, ஆனா வேணாம்.

நீங்க கொடுத்தது குடல் புழுவுக்கு. இது குடல்ல இல்ல, நுரையீரலுக்குப் போற ரத்தக் குழாய்ல இருக்கு, ரொம்ப சேந்துட்டா இருதயத்துக்குள்ளயும் வந்துடும். பெண் புழு ஒரு அடி நீளம் வரும், பாத்தா வேகவெச்ச மீஹூன் மாதிரியே இருக்கும் (சாப்பிடறப்ப படிச்சா மன்னிச்சுக்குங்க). கொண்டு வர்றது கொசு. நோய் இருக்கற நாயக் கடிச்ச கொசுவுக்குள்ள குட்டிப் புழு ரெண்டு வாரம் போல வளந்து, அடுத்த நாயக் கடிக்கறப்ப தோலுக்குள்ள இறங்குது. பெரிய புழு ஆக ஆறேழு மாசம் ஆகும், அப்புறம் அஞ்சாறு வருஷம் உள்ளயே குடியிருக்கும். அதனால கருப்பன் இன்னைக்கு இருமறது நேத்து கடிச்ச கொசுவால இல்ல.

வைத்தியம் இருக்கு. வழக்கமா முதல்ல ஒரு மாசம் டாக்சிசைக்ளின்னு ஆன்டிபயாட்டிக், பிறகு பெரிய புழுவக் கொல்ற மெலார்சோமைன்னு முதுகுத் தசையில ஆழமா ஒரு ஊசி, ஒரு மாசம் கழிச்சு அடுத்தடுத்த நாள்ல இன்னும் ரெண்டு. ஊசிய விட கஷ்டம் நாயக் கட்டிப் போடறதுதான். செத்த புழு துண்டு துண்டா போய் நுரையீரல்ல அடைக்கும், அந்த நேரத்துல ஓடினா உயிருக்கே ஆபத்து. ரெண்டாவது வாரம் நல்லா துள்ளுதேன்னு அவுத்து விட்டு, பூனையத் துரத்த விட்டு, மூச்சு வாங்க வாங்க தூக்கிட்டு ஓடி வந்தவங்கள நான் பாத்திருக்கேன். கடைசி ஊசி போட்டு ஆறு வாரம் வரைக்கும் சின்னக் கயிறுதான், ஒன்னுக்கு ரெண்டுக்கு மட்டும் வெளிய.

கேள்வி: நாங்க கொண்டோல பதினாலாவது மாடி, நாய வெளியவே விடறதில்ல. எங்க நாய்க்கும் இருதயப் புழு தடுப்பு மாத்திர வேணுமா? - ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: வேணும். கொசு நம்ம கூடவே லிஃப்ட்ல ஏறி வருது, பால்கனி பூந்தொட்டித் தட்டுலயும் முட்ட போடுது. நம்ம ஊர்ல குளிர்காலமும் கிடையாது, 12 மாசமும் கொடுக்கணும். ஆனா முதல்ல ரத்தம் பாத்துட்டு ஆரம்பிங்க, ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாருங்க, ஏன்னா புதுசா ஏறின புழு இப்ப எடுக்கற டெஸ்ட்ல தெரியாது.