இரவு முழுவதும் ஒருவரே விழித்திருக்க வேண்டுமா?

கேள்வி: பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் அப்பாவை இரவில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். நடுவில் சிறுநீர் கழிக்கவும் கூப்பிடுவார். சில நேரம் அவர் மீதே எரிந்து விழுகிறேன். பிறகு அழுகை வருகிறது. அண்ணன் பகலில் வந்து, "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்களுக்குப் பாசம் குறையவில்லை, தூக்கம்தான் குறைந்திருக்கிறது. மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்ததும் எங்களைப் போன்ற செவிலியரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்களை யார் அனுப்புவது? அண்ணனிடம் கிழமையைச் சொல்லியே கேளுங்கள்: "செவ்வாயும் சனியும் இரவில் நீங்கள் வந்து அப்பாவோடு படுத்துக்கொள்ளுங்கள்." அவர் தயங்கினால் முதல் இரவு கூட இருந்து கற்றுக்கொடுங்கள். நான் பார்த்தவரை, பலர் ஒதுங்கி நிற்பது கைதவறி ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான். அவர் வரும் இரவுகளில் நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

2 மணிக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. நல்ல மெத்தை இருந்து, தோலும் நன்றாக இருந்தால் சிலருக்கு 4 மணி நேரம்வரை இடைவெளி விடலாம். ஆனால் தோலைப் பார்த்து மருத்துவரோ செவிலியரோதான் அதை முடிவுசெய்ய வேண்டும். தினமும் படுக்கும் முன் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்காமலே இருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது. கறுத்த மேனியில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். புரட்டும்போது முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்தால் போதும். முழுப் பாரமும் இடுப்பெலும்பில் இறங்கக் கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது.

நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதைக் காலையில் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரவுத் தொல்லைக்குப் பயந்து தண்ணீரை நிறுத்திவிட வேண்டாம்.

திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால் வயோதிகம் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் விழிக்காவிட்டாலோ, முகம் புதிதாகக் கோணினாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். அந்த எண்ணை அண்ணனின் கைபேசியிலும் இன்றே பதிந்துவிடுங்கள்.