பணகுடி நண்பருக்கு: அழைப்பை ஏற்றவர்கள் பதில் தராதது குறித்து

காற்றாலைப் பராமரிப்பில் இருக்கும் தாங்கள், லிங்க்ட்இன் என்னும் தொழில்முறைத் தொடர்புத் தளத்தில் தங்கள் இணைப்பு அழைப்பை ஏற்ற மூத்த பொறியாளர்கள் எவரும் வேலை கேட்டு எழுதிய செய்திக்குப் பதில் தருவதில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். முதல் செய்தியிலேயே வேலை கேட்பதுதான் தடை என்பது என் கருத்து. அவர்களில் நாலைந்து பேரை மட்டும் தேர்ந்து, அவர்கள் எழுதியவற்றைப் படித்து, கியர்பாக்ஸ் எண்ணெயின் சூடு, இறக்கை விளிம்பின் தேய்மானம் என்று தாங்கள் கோபுரத்தில் ஏறி நேரில் கண்ட ஒன்றைப் பற்றி, நிறுவனத்தின் தரவுகளை வெளியிடாமல், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கிடைத்த யோசனையால் என்ன விளைந்தது என்பதையும் பிறகு அவருக்குத் தெரிவியுங்கள், ஏனெனில் பெரும்பாலோர் எழுதாமல் விடுகிற அந்த இரண்டாவது மடலில்தான் நட்பு வேரூன்றுகிறது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று வலுத்து வீசும் காலத்தில் அவர்களுக்கும் ஓய்விராது. அப்போதைய மௌனத்தைப் புறக்கணிப்பாகக் கொள்ளாமல், அக்டோபரில் மீண்டும் எழுதுங்கள்.