ஃப்ளை-இன் போகிறவர்களும் நடத்துகிறவர்களும் கேட்ட கேள்விகள்

அமெரிக்காவில் குளிர் விட்டதும் சனிக்கிழமை காலைகளில் ஏதாவது ஒரு சின்ன ஏர்போர்ட்டில் செஸ்னா, பைப்பர் போன்ற சின்ன விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கும், ஒரு ஹேங்கருக்குள் (விமானக் கொட்டகைக்குள்) யாராவது பான்கேக் சுட்டுக்கொண்டிருப்பார்கள். இதைத்தான் ஃப்ளை-இன் என்கிறோம். விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கிய நம் ஆட்களும் வாங்கப்போகிறவர்களும் இதைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது அண்ணா. அங்கே யாரையும் தெரியாது. அழைப்பில்லாமல் போய் நிற்கலாமா?

தாராளமாகப் போங்க. பொது ஏர்போர்ட்டில் நடக்கும் காலை உணவுக்கு அழைப்பெல்லாம் தேவையில்லை. தென் கரோலினாவில் 1938-லிருந்து ஒரு பிரேக்ஃபாஸ்ட் கிளப் நடக்கிறது, ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஒவ்வொரு ஏர்போர்ட்டாகக் கூடுவார்கள், சந்தா எதுவும் கிடையாது. தனியார் புல் ஓடுபாதை என்றால் மட்டும் முன்கூட்டியே உரிமையாளரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். வாடகை விமானம் என்றால் இன்னொன்றும் பாருங்கள், புல்லில் இறங்கவே கூடாது என்று நிறைய கிளப்களில் விதி இருக்கும்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டாம். பக்கத்தில் நிற்கும் விமானம் எந்த வருடத்தது என்று கேளுங்கள், அப்புறம் அரை மணி நேரம் அவரே பேசுவார். ஆனால் கேட்காமல் எந்த விமானத்தையும் தொடாதீர்கள்.

கட்டுப்பாட்டு டவர் இல்லாத ஏர்போர்ட், ஒரே நேரத்தில் பத்து விமானம். நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

அந்தப் பயம் நியாயமானது. முதல் தடவை உங்கள் பயிற்சியாளரையோ அனுபவமுள்ள நண்பரையோ பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போங்க, இல்லையென்றால் கூட்டம் சேருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள்.

பத்து மைல் தள்ளி இருக்கும்போதே அந்த ஏர்போர்ட்டின் பொது ரேடியோ அலைவரிசைக்கு மாறி, முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள், எந்த ரன்வேயில் இறங்குகிறார்கள் என்ற படம் ஒன்றிரண்டு நிமிடத்தில் மனதில் வந்துவிடும். பேசும்போது ஏர்போர்ட் பெயரைத் தொடக்கத்திலும் கடைசியிலும் சொல்லுங்கள், ஏனென்றால் 122.8 போன்ற அலைவரிசையைச் சுற்றுவட்டாரத்தில் பல ஏர்போர்ட்டுகள் பகிர்ந்துகொள்கின்றன, சனிக்கிழமை காலையில் எல்லாமே ஒன்றாகக் கேட்கும். "அங்கே இருக்கிறவர்கள் எல்லாம் எங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்கக் கூடாது என்று எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) கையேட்டிலேயே இருக்கிறது. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் யாருக்கும் எதுவும் கேட்காது.

இடைவெளி குறைகிறது என்று தோன்றினால் இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வாருங்கள், தயங்கவே வேண்டாம். கீழே நின்று பார்க்கிற அனுபவசாலிகள் அதை நல்ல விமானிக்கு அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இறங்கிய பிறகு மஞ்சள் சட்டை போட்ட தன்னார்வலர் கைகாட்டி நிறுத்தச் சொல்வார். அவர் காட்டினாலும் இறக்கை நுனி எதிலும் இடிக்காமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு, சந்தேகம் வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் தள்ளுங்கள்.

நான் மாணவ விமானி. தனியாகப் பறந்து போகலாமா?

பயிற்சியாளர் அந்தப் பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் போகலாம், யாரையும் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. இப்போதைக்குக் காரிலேயே போங்க தம்பி.

ஆஷ்காஷ் போக ஆசை. செஸ்னா 172 ஒன்று இருக்கிறது. நேராக ஓட்டிக்கொண்டு போய்விடலாமா?

விஸ்கான்சினில் ஜூலை கடைசியில் நடக்கும் ஏர்வென்ச்சர் என்ற பெரிய விமானத் திருவிழாவைச் சொல்கிறீர்கள். 1953-இல் மில்வாக்கியில் ஒரு சின்னக் குழுவாகத் தொடங்கிய இ.ஏ.ஏ. (எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்) சங்கம் நடத்துவது, 1970-லிருந்து ஆஷ்காஷில்தான் நடக்கிறது. அந்த வாரம் அங்கேயும் சுற்றியுள்ள ஏர்போர்ட்டுகளிலும் சேர்த்துப் பத்தாயிரம் விமானங்கள் போல வந்து இறங்கும், அந்த டவர் உலகிலேயே அதிகப் போக்குவரத்தைப் பார்க்கும்.

உள்ளே போகும் முறையே தனி. ரிப்பன் என்ற ஊரிலிருந்து ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே ஃபிஸ்க் வரை, 1,800 அடி உயரத்தில், 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில், முன்னால் போகிறவருக்கு அரை மைல் பின்னால் ஒற்றை வரிசையில் வர வேண்டும். ஃபிஸ்கில் தரையில் நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள் உங்கள் விமானத்தின் நிறத்தையும் வகையையும் சொல்லிக் கூப்பிடுவார்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது, இறக்கையை ஆட்டினால் போதும். அப்புறம் ரன்வேயில் வரைந்திருக்கும் வண்ணப் புள்ளிகளில் ஒன்றைச் சொல்லி அதில் இறங்கச் சொல்வார்கள், அதே ரன்வேயில் உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் இருப்பார்.

ஒவ்வொரு வருடமும் இதற்கென்று பல பக்கங்களில் ஓர் அறிவிப்பு வரும். அந்த வருடத்தினுடையதை அச்சடித்து, படித்து, மடியிலும் வைத்துக்கொள்ளுங்கள், நான் மேலே சொன்னதை நம்பிப் போய்விடாதீர்கள். மெதுவாக 90 நாட் வேகத்தில் உயரம் மாறாமல் ஓட்டவும், சொன்ன இடத்தில் துல்லியமாகச் சக்கரத்தை வைக்கவும் ஊரிலேயே பழகிவிட்டுப் போங்க. டேங்கில் எரிபொருள் தாராளமாக இருக்கட்டும், ஏரிகளைச் சுற்றிக் காத்திருக்க வைப்பார்கள். விமானத்தைக் கட்டுவதற்குக் கயிறும் முளையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். கூடாரத்தை இறக்கைக்குக் கீழேயே போட்டுக்கொள்ளலாம், அந்த இரவுப் பேச்சுக்காகவே வருடா வருடம் வருகிறவர்கள் உண்டு.

இதெல்லாம் கைக்கு வரவில்லை என்று தோன்றினால் ஆப்பிள்டனிலோ ஃபான் டு லாக்கிலோ இறங்கிச் சாலை வழியாகப் போங்க. திருவிழா அதேதான்.

நண்பர்கள் மூன்று பேரை ஏற்றிப் போகிறேன். செலவைப் பகிரலாமா?

பகிரலாம், ஆனால் உங்கள் பங்கை நீங்கள் கட்டியே ஆக வேண்டும். நான்கு பேருக்கு எரிபொருள், எண்ணெய், வாடகை, ஏர்போர்ட் கட்டணம் சேர்த்து 240 டாலர் ஆனால் குறைந்தது 60 உங்களுடையது. மீதி 180-க்கு மேல் அவர்களிடம் வாங்கினால் அது வணிகப் பறத்தல், தனியார் லைசென்ஸில் செய்ய முடியாது. கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருந்தால்தான் யாரையும் ஏற்றலாம் என்பதும் நினைவிருக்கட்டும். அப்புறம், 172-இல் நான்கு பெரியவர்களும் நிறைந்த டேங்கும் பெரும்பாலும் ஒத்துவராது, எடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பான்கேக் மாவில் முட்டை இருக்கும், பக்கத்திலேயே சாஸேஜ் வேகும். பழமும் காபியும் கிடைக்கும். நான் சொல்வது, எலுமிச்சைச் சாதமோ உப்புமாவோ கொஞ்சம் அதிகமாகக் கட்டிக்கொண்டு போய் மேசையில் வையுங்கள், கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

நான் விமானம் ஓட்டுவதில்லை, கணவர்தான். ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தால் எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

மகளுக்கு நிறையவே இருக்கிறது. 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளை இலவசமாகப் பறக்கக் கூட்டிப்போகும் யங் ஈகிள்ஸ் என்ற திட்டத்தை இ.ஏ.ஏ. 1992-லிருந்து நடத்துகிறது, உள்ளூர்க் கிளைகள் பல அதை ஃப்ளை-இன் அன்றே வைக்கும், விசாரித்துவிட்டு வாருங்கள். பெண் விமானிகள் வந்திருந்தால் மகளைப் பேசவையுங்கள். 1929-இல் 99 பெண்கள் சேர்ந்து தொடங்கிய நைன்ட்டி-நைன்ஸ் சங்கத்தின் கிளைகள் பல ஊர்களில் உண்டு.

ஒன்றே ஒன்று, விமானங்கள் நிற்கும் இடத்தில் பிள்ளையின் கையை விடாதீர்கள். சுழலும் ப்ரொப்பல்லர் கண்ணுக்குத் தெரியாது, நின்றிருப்பதும் மேக்னெட்டோவில் (இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் பகுதி) கோளாறு இருந்தால் தொட்ட மாத்திரத்தில் சுழலலாம். எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதாகவே நினைத்து விலகி நடக்கப் பழக்குங்கள்.

டெக்சாஸில் ஆறு பேர் சேர்ந்து ஒரு ஹேங்கர் வைத்திருக்கிறோம். நாங்களே ஒன்று நடத்த எங்கிருந்து தொடங்குவது?

ரொம்ப சந்தோஷம். ஆள் நடமாட்டம் இருந்தால்தான் ஊர்க்காரர்கள் அந்த ஏர்போர்ட்டைத் தங்களுடையது என்று நினைப்பார்கள், அதை மூட யாராவது கிளம்பும்போது கூட வந்து நிற்பார்கள்.

முதலில் ஏர்போர்ட் மேலாளரிடம் அனுமதி கேளுங்கள், அடுத்து காப்பீடு. உங்கள் ஹேங்கர் காப்பீடு இப்படிக் கூட்டத்துக்குச் செல்லாமல் போகலாம், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அழைப்பில் ரன்வே நீளம், அலைவரிசை, எங்கே நிறுத்துவது, எரிபொருள் கிடைக்குமா, இவ்வளவும் இருக்கட்டும்.

பணத்தையும் ஆளையும் எங்கே போடுவது என்று கேட்டால், கயிற்றுக்குத்தான். விமானங்கள் ஓடும் பக்கத்துக்கும் மக்கள் நடக்கும் பக்கத்துக்கும் நடுவே ஒரு கயிறு, இரண்டு முனையிலும் வேறு வேலை எதுவும் இல்லாத ஓர் ஆள். அடுப்பு எரிபொருள் பக்கமே வரக் கூடாது, தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்ததை நிறையப் பேர் யோசிப்பதில்லை. வானிலை சரியில்லை என்று காரில் வருகிறவரை, "பறந்து வரவில்லையா?" என்று கேலி செய்ய விடாதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மேகத்துக்குள் நுழைகிறவர்கள் இருக்கிறார்கள். தூரத்திலிருந்து வந்தவருக்குப் பரிசு என்று வைத்தால், வராமல் போன் செய்து "இன்றைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன்" என்றவருக்கும் அடுத்த வாரம் ஒரு காலை உணவு வையுங்கள். அழைப்பிலேயே "மழை என்றால் காரில் வாருங்கள், சாப்பாடு உண்டு" என்று எழுதிவிடுங்கள்.

பியர் வைக்கலாமா?

பகலில் வேண்டவே வேண்டாம். குடித்து எட்டு மணி நேரம் ஆகாமல் ஓட்டக் கூடாது, ரத்தத்தில் 0.04 சதவீதம் இருந்தாலும் கூடாது. இரவு தங்குகிறவர்களுக்கு மட்டும், கடைசி விமானமும் கட்டியான பிறகு. மறுநாள் அதிகாலை கிளம்புகிறவர் அப்போதும் தொடாமல் இருக்கட்டும்.

எங்கள் குழுவில் ஒருவர் கிளம்பும்போது தாழப் பறந்து கையசைத்துவிட்டுத்தான் போவார். சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.

கோபித்துக்கொள்ளட்டும். ஆள் குறைவான இடத்திலேயே மனிதர், வண்டி, கட்டடம் எதற்கும் 500 அடிக்குள் வரக் கூடாது, ஏறவும் இறங்கவும் தேவைப்படும் அளவுக்குத்தான் விலக்கு. நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தாழ வந்து செங்குத்தாக இழுத்துத் திரும்பும்போது வேகம் செத்து விமானம் விழுவது பழைய கதை, விபத்து அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நடத்துகிறவர் காலையிலேயே எல்லார் முன்னாலும் இதைச் சொல்லிவிட வேண்டும், தனியாகச் சொன்னால் அவரை மட்டும் குறிவைத்தது போல ஆகிவிடும்.

திரும்பும் நேரத்தில் மேகம் இறங்குகிறது. எல்லாரும் கிளம்புகிறார்கள். என்ன செய்வது?

அவர்களில் பாதிப் பேரிடம் மேகத்துக்குள் பறக்கும் தகுதி இருக்கும், விமானமும் அதற்கேற்றதாக இருக்கும். உங்களிடம் இல்லையென்றால் அவர்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேகம் இல்லாவிட்டாலும் பிற்பகல் வெயிலில் காற்று லேசாகி, காலையில் சுலபமாக ஏறிய அதே விமானம் ரன்வேயை இன்னும் நிறைய விழுங்கும், அந்தக் கணக்கையும் புதிதாகப் போடுங்கள். விமானத்தைக் கட்டிவிட்டு, உங்கள் ஊர்ப் பக்கம் காரில் போகிறவர் யார் என்று ஹேங்கரில் சத்தமாகக் கேளுங்கள், அநேகமாக யாராவது கை தூக்குவார்கள். நடத்துகிறவர்கள் பக்கத்து விடுதி இரண்டின் எண்ணைச் சுவரில் ஒட்டி வையுங்கள், ஒரு காரின் சாவி மாலை வரை ஹேங்கரிலேயே இருக்கட்டும்.