புது வேலையும் கலப்புக் காதல் காமெடி புக்கும்: கேளுங்க, சொல்றேன்

எச்ஆர்ல புதுசா சேர்றவங்கள செட்டில் பண்ணி விடுறதுதான் என் பொழப்பு, மிச்ச நேரத்துல வேற வேற நாட்டு ஜோடிங்க அடிச்சுக்கிற காமெடி புக்கா தேடித்தேடி படிப்பேன். ரெண்டுலயும் என்ன வேணா கேளுங்க.

அக்கா, சேர்ந்து ரெண்டு வாரம் ஆச்சு, யார்கூடவும் ஒட்டவே முடியல. என்கிட்டதான் ஏதோ கோளாறா?

ரெண்டு வாரத்துல ஒட்டுறதுக்கு நீங்க என்ன ஃபெவிகாலா தம்பி? பெரும்பாலான கம்பெனில ப்ரொபேஷன் 3லேர்ந்து 6 மாசம், ஆள் செட்டாக டைம் எடுக்கும்னு அவங்களுக்கே தெரியும். மேனேஜர்கிட்ட போய் முதல் மாசத்துல என்கிட்ட என்ன எதிர்பாக்கறீங்கன்னு நேராவே கேட்ருங்க. சந்தேகத்தையும் இப்பவே கேட்டு தீர்த்துக்கோங்க, இப்ப கேட்டா ஆர்வம்னு சொல்வாங்க, ஆறு மாசம் கழிச்சு அதையே கேட்டா இதுகூட தெரியாதான்னு பாப்பாங்க. மீட்டிங்ல யார் வாயத் திறந்தா மத்தவங்க அமைதியாகறாங்க, மெயிலுக்கு எவ்ளோ நேரத்துல பதில் போடறாங்க, இதெல்லாம் எந்த பாலிசிலயும் எழுதிருக்காது, கவனிச்சுதான் புடிக்கணும்.

ட்ராவல்ல படிக்க லைட்டா ஒண்ணு சொல்லுங்க மேம்.

சாரா டர்ன்புல்லோட 'ஆல்மோஸ்ட் ஃப்ரெஞ்ச்'. ஆஸ்திரேலிய ஜர்னலிஸ்ட், காதலனுக்காக பாரிஸ் போய் செட்டிலாகறாங்க. ஒருநாள் ட்ராக் பேன்ட்டோட பக்கத்து பேக்கரிக்கு கிளம்பினா அவர் பதறிப்போய் தடுக்கறார், பேக்கரிக்காரருக்கு அது நல்லா இருக்காதாம்! பார்ட்டில இவங்களா போய் சிரிச்சு பேசினா யாரும் கண்டுக்கவே மாட்டாங்க, மேல கேட்ட தம்பி இதத்தான் முதல்ல படிக்கணும். அவ்ளோ படிக்க பொறுமை இல்லன்னா சவோரி ஓகுரியோட 'மை டார்லிங் இஸ் எ ஃபாரினர்', ஜப்பான் காமிக்ஸ், மொழின்னா பைத்தியமா இருக்கிற வெளிநாட்டுக் கணவரோட அவங்க குடும்பம் நடத்தின கூத்து, 2010ல படமாவும் வந்துச்சு. சேத்தன் பகத்தோட '2 ஸ்டேட்ஸ்' (2009) பஞ்சாபி பையன் தமிழ் பொண்ணு கதை, எப்படியும் படிச்சிருப்பீங்க, விட்டுடறேன்.

இந்த மாதிரி புக்ல அடுத்தவங்க கலாச்சாரத்த கிண்டல் பண்றது தப்பில்லையா?

நல்ல கேள்வி. நான் ஒண்ணுதான் பாப்பேன், ஜோக்குல அடி வாங்கறது யாருன்னு. கதை சொல்றவங்களே முழிச்சு அசிங்கப்பட்டு, எதிராளி அவரோட ஊர்ல ரொம்ப நார்மலான ஆளா தெரிஞ்சா அது நல்ல புக். மாமியார் வந்தாலே ஒரே மாதிரி கத்துவாங்க, அந்த நாட்டுக்காரன்னாலே கஞ்சன், அப்படின்னு போற புக்க ஐம்பது பக்கத்துல மூடி வச்சுடுவேன், கோவத்துல இல்ல, அடுத்த ஜோக் என்னன்னு முன்னாடியே தெரிஞ்சு போர் அடிக்கும். பழைய ஆபீஸ்ல நாங்க எப்படி செய்வோம் தெரியுமான்னு புது ஆபீஸ்ல ஆரம்பிக்கறாங்களே, அவங்களும் இந்த ரெண்டாவது வகைதான். அங்க முழிச்ச கதைய சொல்லுங்க, சிரிப்பாங்க, பெருமைய சொன்னா லஞ்சுக்கு கூப்பிட மாட்டாங்க.

டீம்ல வேற நாட்டுக்காரர் ஒருத்தர புடிச்சிருக்கு, டேட் கேக்கலாமா அக்கா?

முதல்ல கம்பெனி பாலிசிய படிங்கமா. உங்களுக்கு அவரோ அவருக்கு நீங்களோ ரிப்போர்ட் பண்றதா இருந்தா வேணாம், பல இடத்துல எச்ஆர்க்கு சொல்லியே ஆகணும். இல்லன்னா ஒரே ஒரு தடவ கேளுங்க. வேணாம்னா அதோட விட்டுடணும், மழுப்பினாலும் வேணாம்னுதான் எடுத்துக்கணும், சில பேருக்கு முகத்துக்கு நேரா மறுத்து பழக்கமே இருக்காது. என்ன கேட்டா ப்ரொபேஷன் முடியட்டும்னு சொல்வேன்.

இந்த புக்க ஆபீஸ் டெஸ்க்ல வைக்கலாமா?

அட்டை தெரியற மாதிரி வைங்க, என்ன புக்னு எவனாவது வந்து கேப்பான், பேச்சு தானா ஆரம்பிக்கும். கடன் குடுத்து திரும்ப வரலன்னா மட்டும் எச்ஆர்கிட்ட வராதீங்க.