பிசுபிசுத்த மக்ரூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தூத்துக்குடிக்காரி. சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கணவரும் நானும் இருக்கிறோம். விடுப்பு கிடைக்காததால் இந்த கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போக முடியவில்லை. டிசம்பர் பிறந்ததிலிருந்து வேலை முடிந்து வந்ததும் ஏதாவது ஒரு கேக் செய்கிறேன். மாவை அளக்கும்போது மனம் அடங்குகிறது. தியானம் போல இருக்கிறது என்றால் கணவர் சிரிக்கிறார். போன வாரம் ஊர் மக்ரூன் செய்தேன். எடுத்தபோது மொறுமொறுவென்று இருந்தது, காலையில் விரலில் ஒட்டியது. அழுதுவிட்டேன். ஒரு தின்பண்டத்துக்காக அழுவது அசட்டுத்தனமா?

ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள தங்கைக்கு,

அசட்டுத்தனம் இல்லை. ஆனாலும் முதலில் மக்ரூனைக் கவனிப்போம், அழுகை காத்திருக்கட்டும்.

அதில் இருப்பது முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரித் தூள், அவ்வளவுதான். சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டிசம்பரில் இங்கே பருவமழை. சன்னலுக்கு வெளியே தொங்கும் துணியே இரண்டு நாள் காய்வதில்லை, மக்ரூன் எம்மாத்திரம்? தூத்துக்குடியும் கடற்கரை ஊர்தானே என்று கேட்பீர்கள். அங்கே பழைய பேக்கரிகளில் விறகடுப்பு. தணல் மெல்லத் தணிந்துவரும் அடுப்புக்குள் மக்ரூன் தட்டுகளை இரவெல்லாம் விட்டுவைப்பார்கள். வேகுவது கொஞ்சம், காய்வதுதான் அதிகம். நீங்கள் அவசரப்பட்டிருப்பீர்கள். சூட்டை 100 டிகிரியைத் தாண்டவிடாமல் இரண்டு மணி நேரம் வைத்து, ஓவனை அணைத்த பிறகும் கதவைத் திறக்காமல் தூங்கப் போய்விடுங்கள். காலையில் எடுத்ததும் நேரே இறுக்கமாக மூடும் டப்பாவுக்குள் போட வேண்டும். மேசையில் பரப்பி அழகு பார்த்தால் மறுபடியும் கதை அதேதான்.

மிஞ்சும் மஞ்சள்கருவைக் கொட்டிவிடாதீர்கள். இங்குள்ள யுரேசியர் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழியினர்) வீடுகளில் கிறிஸ்துமசுக்கு சூஜி கேக் செய்வார்கள். நம் உப்புமா ரவைதான். அதை வெண்ணெயில் பல மணி நேரம் ஊறவிட்டு, பாதாம் தூள் சேர்ப்பார்கள். பெரும்பாலும் வெள்ளைக்கரு சிலவே போதும், மஞ்சள்கருதான் நிறைய வேண்டும். மக்ரூனும் சூஜி கேக்கும் ஒரே முட்டையைப் பங்கு போட்டுக்கொள்ளப் பிறந்தவை என்று எனக்குத் தோன்றும்.

இனி அழுகை. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அம்மா ஒருநாளாவது வீட்டில் மக்ரூன் செய்திருக்கிறாரா? முந்திரிக்கொத்து செய்திருப்பார், அதிரசம் சுட்டிருப்பார். மக்ரூனைக் கடையிலிருந்து பொட்டலமாகத்தான் வாங்கியிருப்பீர்கள். ஊரில் காசு கொடுத்து வாங்கியதையெல்லாம் வெளிநாட்டுக்கு வந்த பிறகு நாம் கையால் செய்யக் கிளம்புகிறோம். நானும் இங்கே வந்துதான் வீட்டில் பன் சுட்டேன். கல் போல இருந்தது.

தியானம் என்ற சொல்லில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தியானம் முடிந்தால் எதுவும் மிஞ்சாது. உங்கள் வீட்டில் தினமும் ஒரு கேக் மிஞ்சுகிறது. இருவர் இருக்கும் வீட்டில் அதை யார் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது அதுதான் உறுத்தியது.

2004 தீபாவளியின்போது நான் ஈசூனில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். சமைக்கக் கூடாது, ரைஸ் குக்கர் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. அதிலேயே கேக் செய்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தான் டக்கென்று மேலே குதிக்கும், நான் மறுபடி அழுத்துவேன். அடி கருகி, நடு வெந்தும் வேகாமலும் ஒரு வஸ்து வந்தது. தனியாகத் தின்ன மனமில்லாமல், கருகாத பாதியை வெட்டி எதிர்வீட்டுச் சீன மூதாட்டியிடம் நீட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஹொக்கியன் தெரியாது. தட்டோடு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். என்னிடம் இருந்ததே இரண்டு தட்டுகள். ஒன்று போய்விட்டதே என்று மூன்று மாதம் மனத்துக்குள் முனகினேன். சீனப் புத்தாண்டன்று கதவு தட்டப்பட்டது. அதே தட்டு, அதன்மேல் குவியலாக அன்னாசி டார்ட்.

ஊரில் கிறிஸ்துமசுக்கு உங்கள் தெருவில் பலகாரத் தட்டுகள் வீட்டுக்கு வீடு போய் வந்திருக்குமே. அடுத்த கேக்கை வெட்டும்போது உங்கள் மாடியில் எத்தனை கதவுகள் என்று எண்ணிப் பாருங்கள். மலாய்க்காரர் வீடாக இருந்தால் பழங்களை ரம்முக்குப் பதில் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவையுங்கள். அப்படியும், சாப்பிடலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஹலால் காரணமாக மறுத்தால் முகம் வாட வேண்டாம், ஆரஞ்சுப் பழங்களாகக் கொடுத்தால் போயிற்று.

மக்ரூன் இந்த முறை சரியாக வந்ததா என்று எழுதுங்கள். நான் இன்னும் ஈசூனில்தான் இருக்கிறேன், உட்லண்ட்ஸ் பக்கம்தான். தட்டு நானே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அக்கா