பட்டறைப் பக்கம்: பழைய காருக்குப் பெரிய என்ஜின்

கேள்வி: வீட்டில் 1987 மாடல் கான்டெஸா நிற்கிறது. 1.5 லிட்டர், நாலு கியர். ஐந்து பேர் ஏறினால் இழுவையே இல்லை. 1.8 இசுஸு என்ஜின் போடலாமா? பழைய அம்பாசடர் 1800-லிருந்து கழற்றிய என்ஜின் ஒன்று விலைக்கு வருகிறது.
– வாசகர், கும்பகோணம்

பதில்: கான்டெஸாவின் பாடி இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டரிலிருந்து வந்தது. அந்தக் கனத்த பாடிக்குள் முதலில் அம்பாசடரின் 1489 சி.சி. என்ஜினை வைத்தார்கள். சுமார் 50 குதிரைத்திறன் அதற்கு என்றைக்குமே போதாது. பிற்பாடு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 1817 சி.சி. இசுஸு என்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் போட்டு அதே காரை விற்றது. கம்பெனியே செய்து காட்டிய மாற்றம் என்பதால் உங்கள் தேர்வு சரியானதுதான்.

ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக இருக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அனுமதியில்லாமல் மாற்றினால் 182-ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். அதே மாடலில் கம்பெனி 1.8 கொடுத்திருக்கிறது என்ற ஆவணத்தோடு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பியுங்கள். மறுத்துவிட்டால் 1.5-ஐயே சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து), ஹெட் வேலை பார்த்து ஓட்டுவதுதான் வழி. அனுமதி கிடைத்தால், வாங்கும் என்ஜினின் எண்ணும் விற்பவரின் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

அம்பாசடர் என்ஜினை விட, பாடி துருப்பிடித்துப்போன 1.8 கான்டெஸா ஒன்று முழுசாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். என்ஜினைத் தாங்கும் மவுண்ட் பிராக்கெட், அடியில் ஆயில் நிற்கும் சம்ப், ரேடியேட்டர், பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், ஒயரிங் எல்லாம் கூடவே வரும். அம்பாசடரிலிருந்து வந்த சம்பும் பிராக்கெட்டும் உங்கள் காரில் அப்படியே உட்காரும் என்று நம்ப வேண்டாம், அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

என்ஜின் ஓடும் நிலையில் இருந்தால் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு கம்ப்ரஷன் பாருங்கள். நாலு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். நம் ஊர்ப் பக்கம் வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் என்ஜின்களும் விலைக்கு வரும். சம்பைக் கழற்றி ஒரு பேரிங் தொப்பியையாவது திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். அடியில் வண்டல் படிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் காருக்குப் பெரிய என்ஜின் மாற்றி எல்லாம் பொருத்தியாயிற்று. 70 கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிர்கிறது. லேத்தில் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டினோம். ஆக்ஸிலரேட்டர் கேபிளும் இரண்டு முறை கருகிவிட்டது.
– வாசகர், மன்னார்குடி

பதில்: கேபிளை முதலில் பார்ப்போம். என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருந்த பின்னல் எர்த் ஒயரைத் திரும்பப் போட மறந்திருப்பார்கள். மவுண்ட் ரப்பர் கரண்டைக் கடத்தாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் போக வேறு வழியில்லாமல் அந்தக் கேபிளின் கம்பி வழியாகப் போகிறது. கம்பி பழுத்து, மேலுறை உருகி ஒட்டிக்கொள்கிறது. கேபிள் திறந்த நிலையில் இறுகினால் வண்டி நிற்காது, ஆபத்து. தடித்த எர்த் பட்டை ஒன்றைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.

அதிர்வுக்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒட்டிய ஷாஃப்டை டைனமிக் பேலன்ஸ் (சுழற்றிப் பார்த்து எடையைச் சமன் செய்வது) செய்திருக்கிறார்களா? லேத்தில் நேர் பார்ப்பது பேலன்ஸ் ஆகாது. தஞ்சாவூரில் வசதி இல்லையென்றால் திருச்சிக்குக் கொண்டு போங்கள். அடுத்து, ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் நுகங்கள் (யோக்) ஒரே கோட்டில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் திரும்பி ஒட்டியிருந்தாலும் எந்த பேலன்ஸும் அதைச் சரி செய்யாது, வெட்டி மறுபடிதான் ஒட்ட வேண்டும்.

மூன்றாவதுதான் பெரும்பாலும் தவறிப்போவது: கோணம். வண்டி தன் எடையில் சமதரையில் நிற்கும்போது, கோணமானியைக் கியர் பாக்ஸின் வெளிமுனையிலும் பின் ஆக்சிலின் கிரவுன் பினியன் முனையிலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் இணையாக இருக்க வேண்டும், ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஒவ்வொரு கிராஸிலும் (யுனிவர்சல் ஜாயின்ட்) வளைவு மூன்று டிகிரிக்குள் இருப்பது நல்லது. ஏர் ஃபில்டர் பானெட்டில் இடிக்கிறது என்று என்ஜினின் முன்பக்கத்தைத் தாழ்த்தியிருந்தால் கோணம் கெட்டிருக்கும். கியர் பாக்ஸ் மவுண்டின் கீழ் தகடு கொடுத்தோ எடுத்தோ திருத்தலாம். ஷாஃப்ட் கியர் பாக்ஸுக்குள் நுழையும் கழுத்துப் பகுதி, முழுக்க உள்ளே போன நிலையிலிருந்து 20 முதல் 25 மில்லிமீட்டர் வெளியே இருக்கட்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும்போது ஷாஃப்ட் கியர் பாக்ஸையே குத்தும்.

மவுண்டுகளை முழுசாக வெல்டிங் செய்யும் முன் பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து, சம்புக்கும் ஸ்டியரிங் ராடுக்கும் நடுவே 15 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். இழுவையில் என்ஜின் சாயும். நின்ற நிலையில் உரசாதது ஓட்டத்தில் உரசும்.

பிரேக்கையும் விட்டுவிடக் கூடாது. 80-லிருந்து நிறுத்துவதைவிட 100-லிருந்து நிறுத்த ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தியை பிரேக் விழுங்க வேண்டும். முன்னால் டிரம் இருந்தால் டிஸ்க், பூஸ்டர் இல்லாவிட்டால் பூஸ்டர். பெரிய என்ஜின் செலவில் இதுவும் சேர்ந்தது.

கேள்வி: என்ஜின் மாற்றியபின் சாலையில் நன்றாக ஓடுகிறது. ரயில்வே கேட்டில் நின்றால் சூடு ஏறுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டார்.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: திரும்பப் போடுங்கள், 82 டிகிரி உள்ளது. அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும். சில என்ஜின்களில் பைபாஸ் வழி மூடாமல் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். ஓட்டத்தில் சூடு இல்லை, நின்றால்தான் ஏறுகிறது என்றால் குறை காற்றில் இருக்கிறது: ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் வழியே இழுக்க வைக்கும் கூண்டு) இல்லை, அல்லது ஃபேன் ரேடியேட்டரிலிருந்து தள்ளி நிற்கிறது. ஷ்ரவுட் செய்து போட்டு, ஃபேனுக்கு 25 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். கடலோர போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. உப்பு படிந்து குழாய் அடையும், அலுமினிய ஹெட் அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாபிரத்தையும் அரிக்கும். இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். எத்தனாலால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிவதால் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டையும் ஒரு அளவு பெரிதாக்கிப் பாருங்கள்.

கேள்வி: தாத்தாவின் 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. இதற்கும் பெரிய என்ஜின்?
– வாசகர், திருவையாறு

பதில்: வேண்டாம். முன்பக்கம் முழுக்கத் திறக்கும் பானெட், தனி சேஸி என்பதால் பொருத்துவது எளிது என்று தோன்றும். சிக்கல் பின்னால்: ஸ்விங் ஆக்சில் (நடுப் பக்கத்தில் மட்டும் மடங்கும் அரை ஆக்சில்கள்), குறுக்கு லீஃப் ஸ்பிரிங். வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுழலப் பார்க்கும். அதே அடித்தளத்தில், ஹெரால்டின் மூலக் காரைச் செய்த இங்கிலாந்தின் டிரையம்ஃப் கம்பெனி 1966-ல் இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் போட்டு விட்ட ஜிடி6 ஸ்போர்ட்ஸ் காருக்கு இதே குறை சொல்லப்பட்டு, 1968-ல் பின் சஸ்பென்ஷனை மாற்ற வேண்டியதாயிற்று. மேலும் 50 ஆண்டு தாண்டி, என்ஜினோ பாடியோ பெரிதாக மாறாத காருக்கு 2021 விதிப்படி பழம்பெரும் வாகனப் பதிவு கிடைக்கும், எண்ணில் வி.ஏ. வரும். அந்த 948 சி.சி. என்ஜினையே கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், வால்வு சீட்டோடு திறந்து செய்யுங்கள்.